கிதாரின் வயிற்றுக்குள் ஓர் எண்



போன பதிவில் என் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதும் ஆளுக்கொரு தைலம் பெயர் அனுப்பிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எது கேட்கிறது என்று பிறகு சொல்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம். ஒரு பழைய கிதாரைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991-ல் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன். பெயர் வேண்டாம், அவனே கேட்டுக்கொண்டான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேஜையில் தாளம் போட்டு என்னிடம் வாரத்துக்கு இரண்டு முறை திட்டு வாங்குவான் என்றால் அவன் வகுப்புக்காரர்களுக்குப் புரிந்துவிடும். இப்போது நியூஜெர்சியில் இருக்கிறான். வேலை கம்ப்யூட்டரில், சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு ஜாஸ் வாசிக்கிறான்.

போன வருடம் ஒரு நாள் ராத்திரி போன் வந்தது.

"சார், ஒரு பழைய கிதார் விலைக்கு வருது. 1953-ல செஞ்சது. விக்கிறவர் ஒரு பெரிய ஜாஸ் ஆர்ட்டிஸ்ட் பேரைச் சொல்லி, அவர் வச்சிருந்த கிதார் இதுங்கிறார். அதனால விலை மூணு மடங்கு. வாங்கணும்னு ஆசை. ஆனா பொண்ணு காலேஜுக்கு எடுத்து வச்ச பணத்துல கை வைக்கணும். வீட்ல அவ ரெண்டு நாளா பேசலை. நீங்க ஹிஸ்டரி சார்தானே, இந்தக் கதையை நம்பலாமா?"

எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவன் கேட்டது இசைக் கேள்வி இல்லை. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, அதற்கு என்ன சாட்சி என்ற கேள்வி. அதைத்தானே முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தேன்?

"தம்பி, நீ எட்டாம் வகுப்பில் நம் பள்ளிக்கு வந்து சேர்ந்தாயே, அன்றைக்கு உன் அப்பாவிடம் நாங்கள் முதலில் என்ன கேட்டோம்?" என்றேன்.

"டி.சி. சார்."

"அதையே கிதாரிடமும் கேள்."

சேர்க்கைப் பதிவேட்டை உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் போக, இரண்டு பத்திகள் உண்டு. இந்தப் பிள்ளை இதற்கு முன் எந்தப் பள்ளியில் இருந்தது? இங்கிருந்து எந்தத் தேதியில், எந்த வகுப்போடு போனது? இந்த இரண்டும் சரியாக எழுதப்பட்டிருந்தால் ஒரு பிள்ளையை எத்தனை ஊர் கடந்தும் பின்தொடரலாம். ஒரு பள்ளியில் எழுதாமல் விட்டால் அங்கே சங்கிலி அறுந்துபோகும்.

கிதாருக்கு இப்படி ஒரு பதிவேடு இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தெரியவந்தது 2011-ல். மகள் பிரசவத்துக்காக நானும் உங்கள் அக்காவும் நியூஜெர்சி போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். எகிப்து மம்மியைப் பார்க்கத்தான் போனேன். அங்கே அந்தச் சமயம் இத்தாலிய வம்சாவளியில் வந்த மூன்று நியூயார்க் கிதார் ஆசாரிகளைப் பற்றிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஜான் டி ஆஞ்செலிக்கோ, ஜேம்ஸ் டி அக்விஸ்டோ, ஜான் மாண்டிலியோன். கால் வலிக்கு உட்கார இடம் தேடி உள்ளே போனவன் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

இந்த ஜாஸ் கிதார் நாம் சினிமாவில் பார்க்கும் கிதார் மாதிரி இருக்காது. முன்பலகை தட்டையாக இல்லாமல் வயலின் மாதிரி மேடாக இருக்கும். நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் வயலினில் இருப்பது போன்ற வளைந்த துளைகள். காரணம் சத்தம். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் கூட்டத்தில் சாதாரண கிதார் சத்தம் எடுபடாது. அதனால் 1920-களில் அந்தக் குழுக்களில் பாஞ்சோ என்ற வாத்தியம்தான் இருந்தது. மிச்சிகன் மாநிலம் கலமசூ ஊரில் இருந்த கிப்சன் கம்பெனி 1922-ல் எல்-5 என்ற கிதாரைக் கொண்டு வந்தது. ஸ்ப்ரூஸ் மரத்தில் முன்பலகை, மேப்பிள் மரத்தில் பின்பலகை, இரண்டையும் வயலின் செய்வது போலவே குடைந்து செதுக்கியது. இது கூட்டத்திலும் கேட்டது. 1930-களின் தொடக்கத்தில் பாஞ்சோ பின்னால் போய்க் கிதார் முன்னால் வந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கடை திறந்தவர்தான் டி ஆஞ்செலிக்கோ. 1905-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே மாண்டலினும் வயலினும் செய்த ஒரு தாத்தா முறை உறவினரிடம் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். 1932-ல் கென்மேர் தெரு 40-ஆம் எண்ணில் சொந்தப் பட்டறை. எல்-5 கிதாரைப் பார்த்து ஆரம்பித்து, பிறகு தன் வழியில் போனார். ஒரு சின்னக் கடை, கூட ஒன்றிரண்டு உதவியாளர்கள். 1964-ல் 59 வயதில் இறக்கும் வரை அவர் கணக்கில் சேர்ந்த கிதார்கள் 1,164. அதில் கடைசிப் பத்தை முடித்துக் கொடுத்தவர் 1952-ல் பையனாக வந்து சேர்ந்த சீடர் டி அக்விஸ்டோ. அந்தச் சீடரும் 1995-ல் இறந்தபோது வயது 59.

விஷயம் இனிமேல்தான். டி ஆஞ்செலிக்கோ ஒவ்வொரு கிதாருக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்த எண் கிதாரின் உள்ளே, பின்பலகையில் குத்தப்பட்டிருக்கும். துளை வழியாக விளக்கு அடித்துப் பார்த்தால் தெரியும். அதே எண்ணைத் தன் நோட்டிலும் எழுதினார். எண், என்ன மாதிரி, தேதி, வாங்கினவர் பெயர். எதற்காக எழுதினார்? வரலாற்றுக்காக இல்லை. வியாபாரக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கங்கள் பின்னாளில் புத்தகத்தில் அச்சாகிவிட்டதால், இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் அவர் செய்த கிதார் கிடைத்தாலும் உள்ளே விளக்கடித்து எண்ணைப் படித்து, அதை முதன்முதலில் வாங்கினவர் பெயரைச் சொல்லிவிட முடிகிறது.

அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நாம் கேள்விப்படாதவை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு வகுப்பின் வருகைப் பதிவேடு மாதிரி. கலெக்டர் ஆனவனும் அதில் ஒரு வரிதான், கடை வைத்தவனும் ஒரு வரிதான்.

கண்காட்சியில் ஒரு கிதார் முன்னால் கூட்டம் நின்றது. கண்ணீர்த்துளி வடிவம் என்கிறார்கள். உடம்பின் கீழ்ப்பக்கம் ஒரு மூலையில் வால் மாதிரி கூராக நீண்டிருக்கும். 1957-ல் நியூயார்க்கில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கலைஞர் கேட்டு டி ஆஞ்செலிக்கோ செய்து கொடுத்தது. பல வருடங்கள் கழித்து அது ஸ்காட் சினரி என்ற பெரிய சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் 1993-ல் டி அக்விஸ்டோவிடம் சொல்லி அதே வடிவத்தில் இன்னொன்று செய்ய வைத்தார். குரு செய்ததும் சீடர் செய்ததும் ஒருவர் வீட்டில் சேர்ந்தன. சினரி 2000-ல் நாற்பது வயதிலேயே இறந்துவிட்டார். ஆள் போனார், கிதார் நின்றது. பழைய பொருள்களின் சங்கதியே இதுதான். வைத்திருப்பவரைவிட அதற்கு ஆயுசு அதிகம்.

டி ஆஞ்செலிக்கோவின் வேலை மேஜைக்கும் உளிகளுக்கும்கூட இப்படி ஒரு வம்சாவளி உண்டு. குருவிடமிருந்து டி அக்விஸ்டோவுக்கு, அவரிடமிருந்து அவர் சீடர் பால் குடெல்ஸ்கிக்கு, கடைசியில் தெற்கு டகோட்டாவில் வெர்மிலியன் என்ற சின்ன ஊரின் தேசிய இசை அருங்காட்சியகத்துக்கு.

எல்லாக் கிதாருக்கும் இவ்வளவு ஒழுங்கான கதை அமையாது. சங்கிலி எந்தெந்த வகையில் நிற்கும் என்பதற்குத் தம்பியிடம் இரண்டு உதாரணம் சொன்னேன்.

முதலாவது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-ல் பெல்ஜியத்தில் பிறந்த நாடோடி இனத்துக்காரர். 1928-ல் வண்டி வீட்டில் தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மிச்ச விரல்களால் வாசித்து ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிதார் கலைஞர் ஆனவர். அவர் வாசித்தது பாரிஸ் செல்மர் கம்பெனியின் கிதார். சாக்ஸபோனுக்குப் பேர்போன அதே செல்மர்தான். அவருடைய 1940-ஆம் வருடத்துக் கிதாரின் எண் 503. ஜாங்கோ 1953-ல் இறந்தார். மனைவி நாகீன் அதை யாருக்கும் விற்காமல் 1964-ல் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கலைஞர், மனைவி, அருங்காட்சியகம். மூன்றே கை. ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லை.

இரண்டாவது ஜிம் ஹால். 2013-ல் காலமானார். தன்மையான வாசிப்பு என்பார்கள். 1950-களில் அவர் ஒரு கிப்சன் ஈ.எஸ்.175 வாங்கினார். புதிது இல்லை, ஏற்கெனவே ஒருவர் வாசித்தது. விற்றவர் ஹோவர்ட் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு கிதார் கலைஞர். 1962-ல் வந்த சானி ராலின்ஸின் 'த பிரிட்ஜ்' இசைத்தட்டில் ஜிம் ஹால் வாசித்தது அதே கிதாரைத்தான். இங்கே கடைக்காரர் நோட்டு தேவைப்படவில்லை. விற்றவரும் வாங்கினவரும் பெயர் பெற்றவர்கள் என்பதால் செய்தி நிலைத்தது. அவர்கள் இருவரும் கல்யாண வீடுகளில் வாசிக்கிற சாதாரணக் கலைஞர்களாக இருந்திருந்தால் அந்தக் கைமாற்றம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

"சார், எனக்கு வந்திருக்கிறதும் ஈ.எஸ்.175 தான்" என்றான் தம்பி.

அப்படியானால் அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். கிப்சன் 1936-ல் ஈ.எஸ்.150 என்ற மின்சாரக் கிதாரை இறக்கியது. கிதாரும் பெருக்கிப் பெட்டியும் சேர்த்து 150 டாலர். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வைத்துக்கொண்டு சாக்ஸபோனுக்குச் சமமாக நின்று தனி ஆவர்த்தனம் வாசித்தார். பாவம், 1942-ல் காசநோயில் இருபத்தைந்து வயதில் போய்விட்டார். ஆனால் அதற்குள் வழி திறந்துவிட்டது. சத்தத்தை மின்சாரம் பார்த்துக்கொள்ளும் என்றான பிறகு பலகையைக் குடைந்து செதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1949-ல் வந்த ஈ.எஸ்.175-க்கு ஒட்டுப்பலகைதான். பெயரில் உள்ள 175 அதன் டாலர் விலை. வாராவாரம் சம்பளம் வாங்குகிறவரும் தவணையில் வாங்கக்கூடிய வாத்தியம். அதனாலேயே நிறையப் பேர் வாங்கினார்கள். நிறையப் பேர் வாங்கியதால் "இது இன்னார் வாசித்தது" என்று கதை கட்டுவதும் சுலபம்.

நாங்கள் பரிசோதித்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். பழைய பொருள் எதை வாங்கினாலும் உங்களுக்கு உதவும்.

முதலில் பிறந்த தேதி. துளை வழியாகப் பார்த்தால் உள்ளே வெள்ளை நிற நீள்வட்டக் காகிதம், அதில் 'ஏ' எழுத்தில் தொடங்கும் எண். வெள்ளைக் காகிதம் 1955 வாக்கில் ஆரஞ்சு நிறமாக மாறிவிட்டது. ஆகவே அதற்கு முந்தையது. இதுபோக மரத்திலேயே தொழிற்சாலை குத்திய இன்னொரு எண். அதன் முன்னெழுத்தில் வருடம் ஒளிந்திருக்கிறது. 1952-க்கு ஆங்கிலக் கடைசி எழுத்தான 'இசட்', 1953-க்கு அதற்கு முந்தைய 'ஒய்', இப்படிப் பின்னாலேயே போய் 1961-க்குக் 'க்யூ'. தம்பி பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். 'ஒய்' இருந்தது. 1953 சரி. விற்கிறவர் இதில் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, உடம்பில் என்ன மாறியிருக்கிறது. விற்கிறவர் சொன்னது: "அந்தப் பெரியவர் ஐம்பதுகளில் ரெக்கார்டு செய்த கிதார் இது, அதற்குப் பிறகு ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை." ஆனால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்கிறதே, இதில் இருந்தது இரட்டைச் சுருள் வகை. கிப்சன் கிதார்களில் அது 1957-ல்தான் வந்தது. 1953-ல் பிறந்த கிதாரில் அது எப்படி இருக்கும்? பிறகு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் அடியில் உள்ள உலோகக் கிண்ணத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். கண்ணாடி வழியாகப் படித்ததில் 1376623. முதல் மூன்று இலக்கம் திருகு செய்த கம்பெனி. அடுத்த இரண்டு வருடம், 66. கடைசி இரண்டு வாரம், 23. ஆக, 1966-ஆம் வருடம் இருபத்துமூன்றாம் வாரம் செய்த திருகு. அதற்குப் பிறகு யாரோ இந்தக் கிதாரைத் திறந்து உள்வேலை அத்தனையும் மாற்றியிருக்கிறார்கள். தொடவில்லை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

மூன்றாவது, புகைப்படம். மேப்பிள் மரத்தின் வரிகள் கைரேகை மாதிரி. ஒரு மரத்துக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. அந்தப் பெரிய கலைஞரின் பழைய புகைப்படங்களைத் தம்பி பெரிதாக்கி வைத்து ஒப்பிட்டான். இரண்டு ராத்திரி பார்த்தான். வரிகள் ஒத்துப்போகவில்லை. அவர் வைத்திருந்தது வேறு கிதார்.

போனில் அவன் குரல் தொய்ந்துபோயிருந்தது. "பொய்யா சார்?" என்றான்.

"ஒரு பெயர்தான் பொய்யாகியிருக்கிறது. கிதார் நிஜம், அதை யாரோ வாசித்திருக்கிறார்கள் என்பதும் நிஜம். அது யார் என்று பார்த்தாயா?" என்று கேட்டேன்.

கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அதன் பெட்டியைப் பார்க்கவில்லை. மறுபடி போய்ப் பார்த்தான். பெட்டி மூடியின் உட்புறத் துணியில் தட்டச்சு செய்த ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ஒரு பெயர், நியூஜெர்சியில் ஒரு சின்ன ஊர். விற்கிறவரிடம் கேட்டால், "அது முக்கியமில்லாத ஆள்" என்றாராம்.

அமெரிக்காவில் பொது நூலகங்களில் பழைய டெலிபோன் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். ஊர் விவரப் புத்தகங்களும் உண்டு, அதில் தொழில்கூட இருக்கும். நியூயார்க் இசைக்கலைஞர் சங்கத்தின் 802-ஆம் கிளை போட்ட உறுப்பினர் கையேடுகளில் யார் எந்த வாத்தியம், எந்த முகவரி என்றெல்லாம் உண்டு. தம்பி அந்தச் சின்ன ஊர் நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தான். பெயர் கிடைத்தது. 1950-களிலிருந்து அதே தெரு. தொழில், தபால் ஆபீஸ். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பும் கிடைத்தது. வார நாட்களில் தபால், வார இறுதியில் கல்யாணங்களிலும் விருந்துகளிலும் கிதார் என்று அதில் இருந்தது. மகள் பெயரும் இருந்தது.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தயங்கித் தயங்கித் தம்பி போன் செய்தான். அவர் உடனே சொன்னாராம்: "அப்பாவோட கிதார் இன்னும் இருக்கா?"

அவர் சொன்ன கதை சின்னது. 1953-ல் அப்பா தவணையில் வாங்கினார். முதல் ஆளே அவர்தான். அறுபதுகளின் கடைசியில் ஒரு கடையில் கொடுத்து உள்வேலையை மாற்றினார், அம்மா செலவு என்று சண்டை போட்டார். திருகில் இருந்த 66 அங்கே வந்து பொருந்தியது. எண்பதுகளில் விரல் மூட்டுகள் வீங்கி மடங்காமல் போயின. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போய் விற்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் கிதார் பேச்சே எடுக்க மாட்டாராம். மகள் ஒரு புகைப்படம் தேடி எடுத்து அனுப்பினார். ஒரு கல்யாண விருந்தில் அப்பா உட்கார்ந்து வாசிக்கிறார். வலது பக்கத் துளைக்கு மேலே பிறை மாதிரி ஒரு கீறல். இப்போதும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கிறது.

தம்பி இந்த விவரங்களோடு விற்கிறவரிடம் போனான். அவர் கெட்டவர் இல்லை. "எனக்கு விற்றவர் அப்படிச் சொன்னார், நான் உங்களுக்குச் சொன்னேன்" என்றார். வாய்வழிக் கதை அப்படித்தான். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு படி உயரும். தபால்காரர் கலைஞர் ஆவார், கலைஞர் பெரிய கலைஞர் ஆவார், விலையும் கூடவே ஏறும். விற்கிறவர் கடைசியில் மற்ற 1953 கிதார்களுக்கு உள்ள விலைக்கே கொடுத்தார். உள்வேலை மாற்றியதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்தும் கொண்டார். பெண்ணின் கல்லூரிப் பணம் அப்படியே இருக்கிறது. மருமகளும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வாங்கிய கையோடு தம்பி கிதாரை அந்த அம்மா வீட்டுக்கு எடுத்துப்போனான். அரை மணி நேரம் வாசித்தான். அவர் அப்பா வாசிக்கிற பழைய பாட்டு ஒன்றைக் கேட்டார். அது தம்பிக்குத் தெரியவில்லை. கற்றுக்கொண்டு அடுத்த மாதம் மறுபடி போனான்.

சங்கிலி முழுசாகிவிட்டதா என்றால் இல்லை. தபால்காரர் விற்றதற்கும் இப்போது விற்றவர் வாங்கியதற்கும் இடையில் பதினாறு வருடம் காலி. பென்சில்வேனியாவில் யாரோ ஒருவர் வைத்திருந்தார் என்பதோடு நிற்கிறது. அந்தப் பத்தியை அப்போது யாரும் எழுதவில்லை.

இப்போது பெட்டிக்குள் தம்பி ஒரு தாள் வைத்திருக்கிறான். முதல் வரியில் தபால்காரர் பெயர், 1953. நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறான். அதன் கீழே விற்றவர் பெயர். கடைசியில் தன் பெயர், தேதி. எனக்குப் புகைப்படம் அனுப்பினான். கையெழுத்து பத்தாம் வகுப்பில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது, திருந்தவில்லை. ஆனால் தேதி போட்டிருக்கிறான். நான் சொல்லிக் கொடுத்ததில் அதாவது நின்றதே என்று சந்தோஷம்.

சொந்தக்காரர்களுக்கு இப்போது ஒரு வார்த்தை.

சின்னத் தாத்தாவின் ஆர்மோனியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கும்பகோணத்து வீட்டு ரேழியில் பச்சைத் துணி போர்த்தி இருக்கும். பாரிஸ் ரீட் என்று பெருமையாகச் சொல்வார். 1962-ல் அத்தை கல்யாணச் செலவுக்காக ஒரு நாடகக் கம்பெனிக்காரருக்கு விற்றார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. மாட்டு வண்டியில் ஏற்றினது ஞாபகம் இருக்கிறது. வண்டிக்காரர் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. வாங்கினவர் பெயர் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை. சின்னத் தாத்தா அதற்கு முன் யாரிடம் வாங்கினார் என்பதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவர் 1980 வரை இருந்தார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வரலாறு நடத்தினேன், திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரு நியூயார்க் ஆசாரி வியாபாரக் கணக்குக்காக எழுதின நோட்டு இன்றைக்கு ஆயிரம் கிதாருக்கு மேல் பிறப்புச் சான்றிதழாக இருக்கிறது. ஒரு தபால்காரர் தொலையாமல் இருக்கட்டும் என்று பெட்டியில் ஒட்டின காகிதத் துண்டு, அவர் போன பிறகும் அவர் கிதாரை அவர் மகளிடம் ஒரு மாலை கொண்டுவந்து சேர்த்தது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. பெயர், ஊர், தேதி. மூன்று வார்த்தை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். வீணையோ, தையல் மிஷினோ, பாட்டியின் வெண்கலப் பானையோ. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள் எடுங்கள். யார் வாங்கியது, எங்கே, எந்த வருடம், பிறகு யாரிடம் வந்தது என்று எழுதுங்கள். தெரியாததற்கு ஒரு வரியைக் காலியாக விடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். எழுதின தாளை அந்தப் பொருளோடேயே வையுங்கள், பீரோவில் பூட்ட வேண்டாம்.

அந்த ஆர்மோனியம் பற்றிச் சொந்தத்தில் யாருக்காவது ஒரு வரி தெரிந்தாலும் எனக்குப் போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி சார்